கதவுக்கு இந்தப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

ஆண்டவர் கிருபையால் நான் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் குழிக்குள் குனிந்து குனிந்து வேலை செய்கிறவனுக்கு முதுகு எப்படி நிமிரும் என்று அம்மா கேட்கச் சொன்னாள். அது அவள் நன்றாக இருந்த ஒரு நாளில் சொன்னது. மற்ற நாட்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அம்மாவின் மறதி சாவி, மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. செவ்வாய்க்கிழமை மதியம் தையல் கடையிலிருந்து சாப்பிட வந்தேன். வாசல் கதவு விரியத் திறந்து கிடந்தது. அம்மா என் அறையில் தரையில் உட்கார்ந்து, நான் கட்டிலில் கழற்றிப் போட்டிருந்த உடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தூங்கி எழுந்திருக்கிறாள், வீட்டில் ஆளில்லை, என் உடை மட்டும் கிடக்கிறது. அவ்வளவுதான். ஆண்டவரின் வருகை நடந்துவிட்டது, அவர் ஆயத்தமாயிருந்த எல்லாரையும் போட்ட உடை கிடக்க உயிரோடு வானத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார், தன்னை மட்டும் விட்டுவிட்டார் என்று முடிவுகட்டிவிட்டாள்.

"நான் இருக்கேனேம்மா, இதோ பாரு" என்று முன்னால் போய் நின்றேன். ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இருக்கிறதுல என்னடி இருக்கு? உன் வாய்க்கு உன்னை எங்க கூட்டிட்டுப் போகப்போறாரு? தம்பி எங்க?" என்றாள். இத்தனை வருஷம் கூடவே இருந்து பார்த்துக்கொண்டதற்குக் கிடைத்த சான்றிதழ் இது.

சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல், போன மாதம் நீ போட்ட கடிதத்தை எடுத்துக் காட்டினேன். தேதியைப் பார்த்தாள். உன் கையெழுத்தை விரலால் தடவினாள். "அவன் இருக்கான்னா அவர் இன்னும் வரலை" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு குடிக்கத் தண்ணீர் கேட்டாள்.

சின்னப் பையனாக இருக்கும்போதே சபையில் பெஞ்சின் மேல் ஏறி நின்று பிரசங்கம் பண்ணினவன் நீ. அவளைப் பொறுத்தவரை முதல் ஆளாகப் போகப்போகிறவன் நீதான். அதனால் அம்மாவுக்கு அடிக்கடி கடிதம் போடு. போன் வேண்டாம். கடைசிக் காலத்தில் யார் குரலையும் யாரும் பேசிவிடுவார்களாம், காதை நம்பக் கூடாதாம். கடிதம் என்றால் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் என்கிறாள். நேரத்துக்குச் சாப்பிடு.

ஆயத்தமாயிருக்கிறேன்,
அக்கா


ஜனவரி 21

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் எழுதுகிறேன். நான் சுகமாக இருக்கிறேன். முதுகு பரவாயில்லை. கம்பெனியில் இடுப்புக்கு ஒரு பட்டை கொடுத்திருக்கிறார்கள், கட்டிக்கொண்டால் பொம்மை மாதிரி நிற்கிறேன்.

இந்த வாரம் ஒரு பழைய கட்டடத்தில் வேலை. அங்கே ஒரு வயதான அம்மா லிஃப்டில் ஏறினால் எல்லா மாடிக்கும் பொத்தானை அமுக்குகிறார். ஏன் என்று கேட்டேன். "எல்லாரும் வீட்டுல இருக்காங்களான்னு பார்க்கத்தான்" என்றார். உங்களை நினைத்துக்கொண்டேன்.

மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடுங்கள். அக்காவைத் திட்டாதீர்கள், அவள் வாய்தான் அப்படி.

அன்புடன்,
உங்கள் மகன்


பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடிதம் வந்த அன்று அம்மா தலைக்குக் குளித்து, நல்ல உடை உடுத்திக்கொண்டு, வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். பொத்தான் அம்மாவைப் பற்றி மறுபடி மறுபடி வாசிக்க வைத்தாள். அடுத்த நாளும் வீட்டில் தனியாகத்தான் இருந்தாள், அழவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் 'ஆயத்தமாயிருக்கிறேன்' என்ற கடைசி வரி எங்கே? வெளியே கிளம்பும்போதும் படுக்கும்போதும், அவர் இந்த நிமிஷம் வந்தால் போக "ஆயத்தமா?" என்று அம்மா கேட்பாள், நாம் "ஆயத்தம்" என்று சொல்லாமல் செருப்பைப் போட முடியுமா? நம் வீட்டிலிருந்து அந்த வார்த்தை இல்லாமல் ஒரு கடிதம் போனதில்லை. மின்சார ஆபீசுக்கு எழுதிய புகாரையே அப்பா அதில்தான் முடித்தார், அவர்களும் பயந்துபோய் உடனே வந்து கம்பியைச் சரிசெய்தார்கள்.

நீ மறந்திருப்பாய் என்று நானே அந்த வரியைச் சேர்த்து வாசித்துவிட்டேன். இனிமேல் மறக்காதே. எனக்கென்று ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தையல் கடை முகவரிக்கு எழுது.

ஆயத்தமாயிருக்கிறேன்,
அக்கா


பிப்ரவரி 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கண் எரிச்சல் குறைந்ததா? கருப்புத் துணி தைக்கும் நாட்களில் விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொள்.

நான் மறக்கவில்லை, அக்கா. எழுத முடியவில்லை.

இந்த ஊருக்கு வந்த புதிதில் சபைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தேன். ஒரு ஞாயிறு துணி துவைக்க வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு நல்ல மழை. அதற்கடுத்த ஞாயிறு எந்தக் காரணமும் இல்லை, கட்டிலில் உட்கார்ந்தே இருந்தேன். பெரிய போராட்டமெல்லாம் நடக்கவில்லை. சின்ன வயதில் பல் ஆடி ஆடி விழுமே, அப்படி விழுந்துவிட்டது. அந்த இடத்தை நாக்கு மட்டும் இன்னும் தேடுகிறது. இதெல்லாம் நடந்து பல வருஷம் ஆகிறது.

உனக்கு அந்த மதியம் ஞாபகம் இருக்கிறதா? மைதானத்தில் விளையாடிவிட்டு, நம் வீட்டு ஜெபக் கூட்டத்துக்கு நேரம் தவறி வந்தேன். மேசையில் பாதி சாப்பிட்ட தட்டுகள். அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் அப்பாவின் சட்டை, தரையில் அம்மாவின் மூக்குக்கண்ணாடி, வாசலில் எல்லாருடைய செருப்பும். ஆள் மட்டும் இல்லை. ஒவ்வொரு பேராகச் சொல்லிக் கூப்பிட்டேன். தெருவுக்கு ஓடினேன், வெயிலில் அங்கேயும் ஒருவரும் இல்லை. திரும்பி வந்து கூடத்தில் நின்று கத்தினேன். நின்ற இடத்திலேயே கால்சட்டை நனைந்துவிட்டது. அப்புறம்தான் உள் அறைத் தாழ்ப்பாள் திறந்தது. அப்பா வெளியே வந்து, "இப்பத் தெரிஞ்சுதா, விடப்படுறதுன்னா எப்படி இருக்கும்னு?" என்றார். அம்மா வேறு கால்சட்டை எடுத்துவந்து போட்டுவிட்டாள்.

அதற்கடுத்த வாரம்தான் நான் பெஞ்சில் ஏறினேன். எல்லாரும் பரிசுத்த ஆவியின் அபிஷேகம் என்று அழுதார்கள். அது பயம், அக்கா. வெறும் பயம்.

உன் ஜனவரிக் கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் அம்மா மேல் இரக்கம் வரவில்லை. இப்பத் தெரிஞ்சுதா என்றுதான் மனதுக்குள் வந்தது. அதற்காகப் பிறகு என்னை நானே காறித் துப்பிக்கொண்டேன். அம்மாவுக்குக் கடிதம் எழுதுகிறேன், வாராவாரம் எழுதுகிறேன். அந்த வார்த்தையை மட்டும் கேட்காதே.

அன்புடன்,
தம்பி


மார்ச் 28

அன்புள்ள தம்பிக்கு,

பதில் போடத் தாமதமாகிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? இங்கே சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. கடையில் பள்ளிக்கூடச் சீருடை ஆர்டர் வந்து குவிந்திருக்கிறது. நீலத் துணி வெட்டி வெட்டி விரலெல்லாம் நீலம். மாஸ்டர் ஆளைக் கண்டால் எரிந்து விழுகிறார்.

அம்மா இப்போது மதியத்தில் வெளியே கிளம்பிவிடுகிறாள். முனையில் இருக்கும் போதகர் வீட்டு மணியை அடிப்பாள். போதகரம்மா வந்து கதவைத் திறந்தால், முகத்தைப் பார்த்துவிட்டு "சரி, ஒண்ணுமில்ல" என்று திரும்பி வந்துவிடுவாள். தினமும் இப்படி. போதகரம்மாவும் எத்தனை நாள்தான் சிரித்துக்கொண்டு கதவு திறப்பார்? போன வாரம் அவர்கள் மகள் வீட்டுக்குப் போயிருந்தார்கள். மணி அடித்து ஆள் வரவில்லை. அம்மா அந்தப் படியிலேயே விழுந்து மார்பில் அடித்துக்கொண்டு அழுதிருக்கிறாள். தெருவே கூடிவிட்டது. கத்தரிக்கோலைக் கையில் வைத்தபடியே நான் கடையிலிருந்து ஓடினேன்.

உன் கடிதங்களைக் காட்டினேன். என் கையிலிருந்து பிடுங்கி, கடைசி வரியைத் தேடினாள். "நீ வாசிச்சது இதுல இல்லையேடி" என்றாள். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு தாளின் பின்பக்கமெல்லாம் தேடினாள். இப்போது அந்தக் கடிதங்களைத் தலையணைக்கு அடியில் வைப்பதில்லை.

நீ கடைக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து எத்தனையோ தாளைக் கிழித்துப் போட்டேன். ஒன்று மட்டும் சொல்கிறேன். மாத்திரை கொடுக்கிறவருக்கு அந்த மாத்திரை மேல் நம்பிக்கை உண்டா என்று யாரும் கேட்பதில்லை. ஒரே ஒரு வார்த்தைதானே.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை எழுதச் சொல்லுங்கள் அக்காவை. வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். தனியாக வெளியே போகாதீர்கள். பயப்படாதீர்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

ஆயத்தமாயிருக்கிறேன்,
உங்கள் மகன்


மே 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். உனக்கு நன்றி சொல்வதா, உன்னிடம் மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. இரண்டையும் வைத்துக்கொள்.

கடிதத்தை அம்மா ரவிக்கைக்குள் வைத்திருக்கிறாள். மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துவிட்டது, பின்னால் மெல்லிய துணி வைத்து ஒட்டிக்கொடுத்தேன். தெருவுக்குப் போவது நின்றுவிட்டது. ஒருநாள் மதியம் நான் வந்தபோது பாட்டுப் பாடிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு.

ஆனால் தேதி பழையதாகிவிட்டது என்கிறாள். "ஏப்ரல்ல இருந்திருக்கான், சரி. நேத்து வந்து எடுத்துட்டுப் போயிருந்தா?" என்று கேட்கிறாள். புதிதாக ஒன்று எழுது, அதே மாதிரி.

நீ எழுதிய அந்த மதியத்தைப் பற்றி. உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. நாங்கள் ஒளிந்திருந்த உள் அறையில் இருட்டு. நீ முதல்தடவை கூப்பிட்டபோதே அம்மா தாழ்ப்பாளில் கையை வைத்துவிட்டாள். அப்பா அவள் கை மேல் தன் கையை வைத்து அமுக்கிக்கொண்டார். நீ கத்தக் கத்த அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அன்று பாத்திரம் கழுவும்போது அவள் மணிக்கட்டு சிவந்திருந்ததைப் பார்த்தேன். அப்பா இல்லாத இத்தனை வருஷத்தில் அவளும் அதைப் பற்றிப் பேசியதில்லை, நானும் கேட்டதில்லை.

அக்கா


மே 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா பாடியதைக் கேட்க நான் அங்கே இல்லையே என்று இருந்தது. மணிக்கட்டு விஷயத்தை ஏன் இத்தனை நாள் எனக்குச் சொல்லவில்லை என்று உன் மேல் கோபம் வந்தது. பிறகு, சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்பேன் என்று தோன்றியது.

போன வாரம் ஒருவர் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார். எங்கள் வேலையில் முதல் பாடம், உள்ளே இருப்பவருடன் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே ஒரு குரல் கேட்டால் போதும், ஆள் பயப்படமாட்டார். "ரெண்டு நிமிஷம் சார், இதோ ஆச்சு" என்று சொன்னேன். மோட்டார் எரிந்துபோயிருந்தது, ரெண்டு நிமிஷத்தில் ஆகாது என்று எனக்குத் தெரியும். மறுபடி மறுபடி ரெண்டு நிமிஷம் என்றே சொன்னேன். வெகுநேரம் கழித்துக் கதவைத் திறந்தோம். வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "நீங்க நேரமாகும்னு உள்ளதைச் சொல்லியிருந்தா உட்கார்ந்து காத்துக்கிட்டு இருந்திருப்பேன்யா" என்றார். வேர்த்து ஊற்றியது அவருக்கு.

இனிமேல் அந்த வார்த்தையை என்னால் எழுத முடியாது. எழுதிய கைக்கு அது தெரிகிறது. உண்மையை எழுதினால் அம்மா தாங்கமாட்டாள். அதனால் கொஞ்ச நாளைக்கு நான் எழுதாமலே இருந்துவிடுகிறேன். பழைய கடிதத்தை வைத்துச் சமாளி. கோபித்துக்கொள்ளாதே.

தம்பி


ஆகஸ்ட் 11

தம்பிக்கு,

நீ நலமா என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. ஜூனில் மூன்று கடிதம் போட்டேன். ஜூலையிலும் போட்டேன். பதிலில்லை. கோபம் என்றால் என் மேல் இருக்கட்டும்.

எழுதாமல் இருந்தால் என்ன ஆகும் என்று நாம் இரண்டு பேரும் யோசிக்கவில்லை. நம்மைப் போல மடையர்கள் உண்டா? உன் கடிதம் நின்றுபோனதும் அம்மா முடிவுக்கு வந்துவிட்டாள். நீ போய்விட்டாய். அவர் வந்து உன்னை எடுத்துக்கொண்டார். "நல்லபடியா போயிட்டான்" என்று அவளே எனக்கு ஆறுதல் சொல்கிறாள். போதகரம்மாவிடம் போய், "என் மகனைக் கூட்டிட்டுப் போயிட்டாரு, உங்களையும் என்னையும் விட்டுட்டாரு, என்ன பாவம் பண்ணினோமோ" என்றாளாம். அவர் இப்போது நம் வீட்டுப் பக்கமே வருவதில்லை.

அழுகை நின்றுவிட்டது. அழுதாலாவது பரவாயில்லை. சாப்பிட மறுக்கிறாள். விடப்பட்டவர்களுக்குச் சாப்பாடு எதற்கு என்கிறாள். மாத்திரையைத் துப்பிவிடுகிறாள். உன் பழைய சட்டைகளை எடுத்துத் தெருவில் போகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டாள். நாள் முழுக்கச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் ஒன்றும் இல்லை, இப்படியே போனால் இந்த மாதம் தாண்டுவது கஷ்டம் என்றார்.

போன் போட்டுக் காதில் வைத்தேன், நீ அன்று வேலையில் இருந்தாய் போலிருக்கிறது, யாரோ எடுத்தார்கள். "பாத்தியா, வேற யாரோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

எதையாவது எழுது. அந்த வார்த்தை வேண்டாம். நான் இனிமேல் கேட்கமாட்டேன். உண்மையையே எழுது. அதைக் கேட்டுச் சாகிறவள் இதைவிட மோசமாகச் சாகமாட்டாள்.

அக்கா


ஆகஸ்ட் 19

அம்மா,

நான்தான். உன் மகன். நான் எங்கேயும் போகவில்லை. இன்று காலையில் லிஃப்ட் கயிற்றுக்கு மசகு போட்டேன், கை முழுக்கப் பிசுக்கு, தாளின் ஓரத்தில் என் கட்டை விரல் படிந்திருக்கிறது பார். அது நான்தான். சின்ன வயதில் கதவுக்கு நடுவில் நசுங்கிய தழும்பும் அதில் தெரியும்.

அவர் வந்திருந்தாலும் என்னைக் கூட்டிக்கொண்டு போயிருக்க மாட்டார், அம்மா. நான் ஜெபம் பண்ணி வருஷக்கணக்காகிறது. நம்பிக்கை இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. ஏப்ரலில் அந்த வார்த்தையை எழுதினேன், அது பொய். உன்னைப் பயமில்லாமல் வைத்திருக்க எழுதினேன்.

இதைக் கேட்டு உன் மனது என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். முழங்கால் தேய எனக்காக ஜெபித்தவள் நீ. திட்டு. அழு. ஆனால் சாப்பிடு. விடப்பட்டது நீ மட்டும் இல்லை. அப்படி ஒன்று நடந்திருந்தால் நானும் உன்னோடுதான் இருக்கிறேன்.

லீவு கேட்டிருக்கிறேன். கிடைத்ததும் வருகிறேன்.

உன் மகன்


செப்டம்பர் 5

என் அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். எழுதி வெகுநாளாயிற்று, எழுத்துக் கோணலாக இருக்கும். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? ரெண்டு வேளையாகச் சாப்பிடுகிறேன். அக்கா ஊட்டிவிடுகிறாள், வாயும் ஓயாமல் திட்டுகிறது.

உன் கடிதத்தை நானே வாசித்தேன். அக்காவிடம் கொடுக்கவில்லை. அவள் இல்லாததையெல்லாம் சேர்த்து வாசிக்கிறாள். விரல் தழும்பைப் பார்த்தேன். நீதான்.

எந்தப் பிள்ளை போவான் என்று இருந்தேனோ அவனே இல்லையா என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேன். எழுதிக்கொண்டிருந்தது மறந்துபோகிறது, அக்கா வந்து பேனாவைக் கையில் எடுத்துக்கொடுக்கிறாள். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது?

மதியத்தில் தூங்கி எழுந்தால் ஒரு பையன் அழுகிற சத்தம் கேட்கிறது. கூடத்தில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறான். ஓடி வந்து பார்த்தால் வீட்டில் யாரும் இல்லை. அதனால்தான் நான் தெருவுக்குப் போனேன், அவனைத் தேடித்தான். இதை அக்காவிடம் சொல்லவில்லை, பைத்தியம் என்பாள். உன் கடிதம் வந்த பிறகுதான் அது யார் என்று தெரிந்தது.

அக்காவும் இங்கேதான் இருப்பாள் போலிருக்கிறது. படுக்கும்போது 'ஆயத்தமா?' என்று கேட்டால் இப்போதெல்லாம் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

பிள்ளைகள் ரெண்டு பேரும் இங்கே இருக்கும்போது நான் அங்கே போய் யாருக்குச் சோறு போடுவேன்? ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன். கூப்பிட்டால் கூப்பிடட்டும், நான் வரவில்லை என்று. வாசல் கதவைப் பூட்டவிடுவதில்லை. உள் அறைத் தாழ்ப்பாளைத் தச்சனை வைத்துக் கழற்றிப் போட்டுவிட்டேன். நான் கூடத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். நீ வந்து பார்க்கும்போது வீடு காலியாக இருக்கக் கூடாது.

ஆயத்தமாயில்லை,
அம்மா